விடுபட்ட தேதிகளை நிபந்தனையோடு நிரப்பும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

விடுபட்ட தேதியை நிரப்பும் கோட் பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் ஓடி முடிந்துவிடும். அதுதான் இதில் பெரிய தொல்லை. தப்பாக நிரம்பிய தேதியும் சரியான தேதி மாதிரியே இருக்கும். அறிக்கையைப் படிக்கிற யாராவது "இவர் சேர்வதற்கு முன்பே எப்படி விலகினார்?" என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

பாண்டாஸ் (பைத்தான் மொழியின் தரவுத் தொகுப்பு), ஆர் (புள்ளியியல் மொழி), எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மொழி), எஸ்ஏஎஸ் (புள்ளியியல் மென்பொருள்), எக்செல் ஆகியவற்றில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எளிதில் பார்க்கக்கூடிய காரணம் முதலில், அதிக வேலை வைக்கும் காரணம் கடைசியில்.

எந்த அறிகுறியானாலும், தொடங்கும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள். அசல் நெடுவரிசையைத் தொடாமல், நிரப்பிய தேதியைப் புது நெடுவரிசையில் வையுங்கள். அதன் பக்கத்திலேயே, எந்த விதிப்படி அந்தத் தேதி வந்தது என்று சொல்லும் ஒரு ஃபிளாக் நெடுவரிசை போடுங்கள். அப்புறம் மூன்று எண்ணிக்கை எடுங்கள்: நிரப்புவதற்கு முன் மொத்தக் காலி, அதில் உங்கள் நிபந்தனைக்குள் வருபவை, நிரப்பிய பின் மிச்சமிருக்கும் காலி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது வர வேண்டும். மிச்சம் அதிகமாக இருந்தால் அறிகுறி 1. குறைவாக இருந்தால் அறிகுறி 2. கணக்குச் சரியாக இருந்தும் தேதிகள் சந்தேகமாக இருந்தால் 3 முதல் பாருங்கள். காலி இடம் மட்டும்தான் மாறியதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்கு அசலையும் புதியதையும் ஒப்பிட்டு, காலியாக இல்லாமல் இருந்தும் மாறிப்போன வரிகளைத் தனியாக எண்ணுங்கள். அது பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

## அறிகுறி 1: நிரப்பிய பிறகும் காலியாகவே இருக்கிறது

அது உண்மையில் காலிதானா? பார்வைக்குக் காலியாகத் தெரியும் இடத்தில் வெற்றுச் சரமோ, ஒரே ஒரு இடைவெளியோ, சிறு கோடோ இருக்கலாம். பழைய மைஎஸ்க்யூஎல் டேபிள்களில் எல்லா இடத்திலும் பூஜ்ஜியம் போட்ட தேதிகள் கிடைக்கும். இவை எதுவும் நல் (மதிப்பே இல்லை என்று குறிக்கும் தனிக் குறி) இல்லை என்பதால் நிரப்பும் ஃபங்ஷன் இவற்றைத் தாண்டிப் போய்விடும். அந்த நெடுவரிசையைச் சரமாக மாற்றி, எந்தெந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது, ஒவ்வொன்றின் நீளம் என்ன என்று பட்டியல் எடுங்கள். நீளம் 0, 1, 2 என்று வருபவையும் பூஜ்ஜியத் தேதிகளும்தான் குற்றவாளிகள். அவற்றை முதலில் நல் ஆக்குங்கள்.

காலியைச் சமக்குறி போட்டுத் தேடுகிறீர்களா? எஸ்க்யூஎல்லில் நல் எதற்கும் சமமாகாது, இன்னொரு நல்லுக்கும் கூட. 'இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும். பாண்டாஸில் காலித் தேதிக்கு நேட் என்று பெயர். அதையும் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் எப்போதும் பொய் என்றே பதில் வரும். 'ஐஸ்நா' ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்.

பிரதியில் எழுதுகிறீர்களா? பாண்டாஸில் முதலில் வடிகட்டி, வந்ததிலிருந்து நெடுவரிசையை எடுத்து, அதற்கு மதிப்பு கொடுத்தால் அது தற்காலிகப் பிரதியோடு நின்றுவிடும். பழைய பதிப்புகளில் ஓர் எச்சரிக்கை வரும், சில நேரம் வேலையும் நடந்துவிடும். பதிப்பு 3-இலிருந்து அப்படி எழுதுவது அசலை மாற்றவே மாற்றாது. 'லோக்' போட்டு, நிபந்தனையையும் நெடுவரிசைப் பெயரையும் ஒரே அடைப்புக்குள் கொடுங்கள்.

இன்டெக்ஸ் பொருந்துகிறதா? வேறொரு டேபிளிலிருந்து தேதியைக் கொண்டுவந்து நிரப்பும்போது, பாண்டாஸ் வரிகளை இன்டெக்ஸ் (ஒவ்வொரு வரிக்கும் உள்ள அடையாளக் குறி) பார்த்தே பொருத்தும், இருக்கும் வரிசை பார்த்து அல்ல. இரண்டின் இன்டெக்ஸும் வேறு வேறு என்றால் அமைதியாகக் காலியையே வைத்துவிடும். அடையாள எண் வழியாக ஜாயின் செய்து (இரண்டு டேபிளையும் இணைத்து) கொண்டுவருவதுதான் பாதுகாப்பு.

இவை எல்லாம் சரி என்றால், நிரப்பக் கொடுத்த தேதியே காலியா என்று பாருங்கள். 'டெலிவரி தேதி காலி என்றால் அனுப்பிய தேதியை எடு' என்கிற விதியில், அனுப்பிய தேதியும் காலியாக இருக்கும் வரிகள் எப்போதும் இருக்கும். அதற்கு கோடில் வழி இல்லை. மூன்றாவது தேர்வு என்ன என்பதை அந்தத் தரவின் பொறுப்பாளர்தான் சொல்ல வேண்டும்.

## அறிகுறி 2: நிரப்பக் கூடாத வரிகளும் நிரம்பிவிட்டன

அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறதா? எஸ்க்யூஎல்லில் 'ஆண்ட்' முதலில் கணக்காகும், 'ஆர்' பிறகு. 'நிலை முடிந்தது ஆர் நிலை ரத்து ஆண்ட் தேதி காலி' என்று எழுதினால், முடிந்த வரிகள் எல்லாவற்றிலும், ஏற்கெனவே தேதி இருந்தாலும், மேலே எழுதிவிடும். 'ஆர்' வரும் பகுதியை அடைப்புக்குள் போடுங்கள். ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டால் தீர்ந்துவிடும் கோளாறு இது, ஆனால் அசல் தேதியை அழித்துவிட்டிருக்கும். அசல் நெடுவரிசையைத் தொடாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னது முக்கியமாக இதற்காகத்தான்.

ஒப்பீட்டில் காலி எந்தப் பக்கம் விழுகிறது? இதில் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு மாதிரி. எஸ்ஏஎஸ்ஸில் விடுபட்ட மதிப்பு எல்லா எண்களையும் விடச் சிறியது. அதனால் '2020-க்கு முந்தைய தேதி' என்று கேட்டால் காலி வரிகளும் சேர்ந்து வரும். எஸ்க்யூஎல்லில் அதே கேள்விக்கு உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை என்ற நிலை. வரி எந்த நிபந்தனையிலும் சிக்காமல் நேராக 'எல்ஸ்' கிளைக்குப் போய்விடும். பாண்டாஸில் பொய் என்று வரும், ஆனால் அந்த நிபந்தனையைத் தலைகீழாக்கினால் காலி வரிகள் எல்லாம் உண்மை ஆகிவிடும். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கோடை மாற்றி எழுதியவுடன் எண்ணிக்கை மாறினால் முதலில் இங்கே பாருங்கள். தீர்வு ஒன்றுதான்: தேதியை ஒப்பிடும் ஒவ்வொரு நிபந்தனையிலும் 'காலி இல்லை' அல்லது 'காலி' என்பதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

கிளைகளின் வரிசை சரியா? எஸ்க்யூஎல்லில் நிபந்தனைகளைக் கிளைகளாக எழுதும் 'கேஸ் வென்' முதலில் பொருந்தும் கிளையோடு நின்றுவிடும். பைத்தானின் நம்பை தொகுப்பில் உள்ள 'செலக்ட்' ஃபங்ஷனும் அப்படியே. பொதுவான விதி மேலேயும் குறிப்பான விதி கீழேயும் இருந்தால் குறிப்பான விதி ஓடவே ஓடாது. ஃபிளாக் நெடுவரிசையில் ஒவ்வொரு விதியும் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். ஒரு விதிக்கு பூஜ்ஜியம் வந்தால் அது மறைந்து கிடக்கிறது.

காலியாக இருப்பதுதான் சரியான பதிலா? விலகிய தேதி காலி என்றால் இன்னும் விலகவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். பதிவு செய்ய மறந்ததாகவும் இருக்கலாம். வேறு டேபிளிலிருந்து வரும்போது தொலைந்ததாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே மாதிரி காலியாகத்தான் தெரியும். முதல் வகையில் இன்றைய தேதியை நிரப்பினால், இருக்கிற எல்லோரும் இன்று விலகியதாக ஆகிவிடும். நிலை, காரணம் போன்ற வேறு நெடுவரிசைகளை வைத்து மூன்றையும் பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிரிக்க எதுவும் இல்லை என்றால் நிரப்பாமல் நிறுத்திவிட்டு, தரவைப் பதிவு செய்பவர்களிடம் கேளுங்கள். என் கருத்தில் இந்த வேலையில் மிக அவசியமான கேள்வி இதுதான், ஆனால் கோட் எழுதத் தொடங்கிய பிறகு யாரும் இதைக் கேட்பதில்லை.

## அறிகுறி 3: ஒருவருடைய தேதி இன்னொருவருக்கு வந்துவிட்டது

முந்தைய வரியின் தேதியைக் கீழே இழுத்து நிரப்பும்போது வருவது இது.

குரூப் பிரித்தீர்களா? பிரிக்காமல் இழுத்தால் முதல் நபரின் கடைசித் தேதி அடுத்த நபரின் முதல் வரிக்கு வழிந்துவிடும். பாண்டாஸில் அடையாள எண்படி 'குரூப்பை' செய்து அதன் மேல் 'எஃப்-ஃபில்'. எஸ்க்யூஎல்லில் விண்டோ ஃபங்ஷனுக்குள் 'பார்ட்டிஷன் பை'. எஸ்ஏஎஸ்ஸில் 'ரீடெய்ன்' செய்த (மதிப்பை அடுத்த வரிக்கும் தக்கவைக்கும்) மாறியை ஒவ்வொரு நபரின் முதல் வரியிலும் அழிக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: ஒவ்வொரு நபரின் முதல் வரியையும் மட்டும் எடுங்கள். அசலில் காலியாக இருந்த முதல் வரி இப்போதும் காலியாகத்தான் இருக்க வேண்டும். நிரம்பியிருந்தால் வழிந்திருக்கிறது.

எதை வைத்து வரிசைப்படுத்தினீர்கள்? இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். நிரப்பப்போகும் தேதியை வைத்தே வரிசைப்படுத்தினால், காலி வரிகள் எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். பாண்டாஸ், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் மூன்றும் ஏறுவரிசையில் காலியைக் கடைசியில் தள்ளும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்ஏஎஸ் முதலில் வைக்கும். கடைசியில் போனால், ஒரு நபரின் எல்லாக் காலிகளிலும் அவருடைய மிகப் பிந்தைய தேதி விழும். முதலில் வந்தால், இழுக்க மேலே எதுவும் இல்லாமல் காலியாகவே நிற்கும். ஒரே கோட் இரண்டு டேட்டாபேஸில் இரண்டு விடை கொடுத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வரிசைப்படுத்தத் தேதி அல்லாத ஒன்று வேண்டும்: வருகை எண், பில் எண், பதிவான வரிசை எண், எதுவானாலும் சரி. அப்படி எதுவும் இல்லை, கோப்பில் இருந்த வரிசைதான் ஒரே தடயம் என்றால், படித்த உடனேயே, வேறு எதையும் செய்யும் முன், வரிகளுக்கு எண் போட்டுவிடுங்கள். டேட்டாபேஸ் டேபிளில் 'ஆர்டர் பை' இல்லாமல் வரும் வரிசைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அங்கே வரிசை எண் இல்லாவிட்டால் நடந்த வரிசையை மீட்க முடியாது. மூலத்தைப் பராமரிப்பவரிடம் பதிவு நேரத்தோடு மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள்? ஒரு தேதி ஒரு காலிக்குப் பொருந்தலாம், 40 காலிகளுக்குப் பொருந்துமா? 'எஃப்-ஃபில்'லில் 'லிமிட்' கொடுங்கள். எல்லை எத்தனை என்பது தரவைப் பொறுத்தது, கோடைப் பொறுத்தது அல்ல.

## அறிகுறி 4: தேதிக்குப் பதில் எண் வருகிறது, அல்லது 1900, 1960, 1970 என்று வருகிறது

19723 மாதிரி ஐந்து இலக்க எண். ஆர் மொழியின் அடிப்படை 'இஃப்எல்ஸ்' தேதி என்ற அடையாளத்தைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் எண்ணை (ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் என்ற எண்ணிக்கையை) மட்டும் தரும். டிப்ளையர் தொகுப்பில் அடிக்கோட்டோடு எழுதும் 'இஃப் எல்ஸ்' ஃபங்ஷனுக்கு மாறுங்கள், அது அடையாளத்தைக் காக்கும். வேறு இடத்திலிருந்து வந்த எண் என்றால் எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு அளவுகோல்: 2024 ஜனவரி 1 என்பது ஆரில் 19723, எஸ்ஏஎஸ்ஸில் 23376, எக்செலில் 45292. உங்கள் எண் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். எக்செல் எண்ணைப் பாண்டாஸில் தேதியாக்கும்போது தொடக்க நாளாக 1899 டிசம்பர் 30 கொடுக்க வேண்டும்.

1970 ஜனவரி 1, 1960 ஜனவரி 1. காலிக்குப் பதில் பூஜ்ஜியம் நிரம்பியிருக்கிறது. முதலாவது யூனிக்ஸ் கணக்கின் பூஜ்ஜிய நாள், இரண்டாவது எஸ்ஏஎஸ்ஸின் பூஜ்ஜிய நாள். தேதி நெடுவரிசையையும் சேர்த்து எல்லா எண் நெடுவரிசைகளுக்கும் 0 நிரப்பும் வரி மேலே எங்கோ இருக்கும், தேடுங்கள்.

1900 ஜனவரி. எஸ்க்யூஎல் சர்வரில் வெற்றுச் சரத்தைத் தேதியாக்கினால் 1900 ஜனவரி 1 ஆகிவிடும். எக்செலில் காலிக் கட்டத்தைச் சுட்டும் ஃபார்முலா 0 தரும், தேதி வடிவில் அது 1900 ஜனவரி 0 என்று தெரியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மாற்றும் முன் காலியா என்று கேட்பது.

எல்லாத் தேதிகளும் சரியாக 1462 நாள் தள்ளி இருக்கின்றன. எக்செல் கோப்பு ஒன்று 1904 தேதி முறையில் (1900-க்குப் பதில் 1904-இலிருந்து நாட்களை எண்ணும் முறையில்) இருக்கிறது. கோப்பின் அமைப்பைப் பாருங்கள்.

## அறிகுறி 5: தேதி இருந்த இடங்களும் காலியாகிவிட்டன

இது நிரப்பும் கட்டத்தில் வருவது இல்லை, அதற்கு முன் படிக்கும் கட்டத்தில் வருவது. மாற்ற முடியாததைக் காலியாக்கிவிடு என்ற 'கோயெர்ஸ்' தேர்வைப் போட்டிருப்பீர்கள். அது பிழையை மறைத்துவிடும், பிறகு உங்கள் விதி அந்தப் பொய்யான காலிகளை நிரப்பிவிடும்.

காலியானவற்றின் அசல் சரங்களைப் பாருங்கள். முதலில் வரும் எண் 13 அல்லது அதற்கு மேல் என்றால் நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்பட்டிருக்கின்றன. அப்போது தப்பித்த தேதிகளும் தப்பானவையே: 03/04/2024 ஏப்ரல் 3 ஆக வேண்டியது மார்ச் 4 ஆகியிருக்கும். காலியாகாமல் தப்பித்த தேதிகளில் நாள் ஒருபோதும் 12-ஐத் தாண்டவில்லை என்றால் உறுதி. பாண்டாஸ் பதிப்பு 2-இலிருந்து முதல் மதிப்பைப் பார்த்து வடிவத்தை ஊகித்து, அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறது. ஊகிக்க விடாமல் வடிவத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

அசல் சரம் 9999 டிசம்பர் 31 என்றால் கதை வேறு. 'முடிவு இல்லை' என்பதற்குப் பலர் அப்படிப் போடுவார்கள். நானோவினாடித் துல்லியத்தில் பாண்டாஸ் தேதி 2262 ஏப்ரல் 11-ஐத் தாண்டாது, அதனால் அது நேட் ஆகிவிடும். அது விடுபட்ட தேதி அல்ல, அறிகுறி 2-இல் சொன்ன 'இன்னும் நடக்கவில்லை' வகை. ஃபிளாக்கில் தனியாகக் குறித்துவிட்டு நிரப்பாமல் விடுங்கள்.

ஒரே நெடுவரிசையில் இரண்டு வடிவமும் கலந்திருந்தால், எந்த வரி எந்த மூலத்திலிருந்து வந்தது என்று தெரியாமல் பிரிக்க முடியாது. 12 வரை இருக்கும் நாட்களை ஊகித்துத் திருத்தாதீர்கள், மூலத்தைக் கேளுங்கள்.

## அறிகுறி 6: முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முன்னால் வருகிறது

ஆண்டும் மாதமும் இருக்கும், நாள் மட்டும் இருக்காது. அதற்கு 1 என்றோ 15 என்றோ நிரப்பியவுடன் இந்த அறிகுறி வரும். மருத்துவ ஆய்வுத் தரவில் இது அன்றாடம். பக்கவிளைவு '2023 மே' என்று மட்டும் பதிவாகியிருக்கும், சிகிச்சை 2023 மே 18-இல் தொடங்கியிருக்கும். மே 1 என்று நிரப்பினால், சிகிச்சைக்குப் பின் வந்திருக்கக்கூடிய பக்கவிளைவு சிகிச்சைக்கு முன்பே இருந்ததாகிவிடும், கணக்கிலிருந்தே விழுந்துவிடும். ஒரு மருந்தின் பாதுகாப்பு பற்றிய முடிவு அதனால் சாயக்கூடும்.

பரவலாக எழுதப்படும் விதி இப்படிக் கிளைக்கும்:

- பக்கவிளைவின் ஆண்டும் மாதமும் சிகிச்சை தொடங்கிய அதே ஆண்டும் மாதமும் என்றால், சிகிச்சைத் தொடக்க நாளையே எடு.
- வேறு மாதம் என்றால் அந்த மாதத்தின் 1.
- வந்த விடை பக்கவிளைவின் முழுமையான முடிவுத் தேதியைத் தாண்டினால், முடிவுத் தேதியோடு நிறுத்து.
- முடிவுத் தேதியில் நாள் இல்லை என்றால் மாதத்தின் கடைசி நாள், ஆனால் இறந்த தேதியையோ கடைசியாகத் தொடர்பில் இருந்த தேதியையோ தாண்டாமல்.

சரிபார்க்க வேண்டியவை. மாதக் கடைசி நாளுக்கு 30 என்று எழுதாதீர்கள், பிப்ரவரியில் உடையும். அடுத்த மாதத்தின் 1-ஐ எடுத்து ஒரு நாள் கழியுங்கள், லீப் ஆண்டும் தானாகச் சரியாகிவிடும். 'தாண்டாமல்' என்பதற்கு 'லீஸ்ட்', 'கிரேட்டஸ்ட்' ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால், அவற்றில் ஒரு மதிப்பு நல் ஆனால் என்ன ஆகும் என்று பாருங்கள்: போஸ்ட்கிரெஸ் நல்லை விட்டுவிட்டு மற்றவற்றை எடுக்கும், மைஎஸ்க்யூஎல்லும் ஆரக்கிளும் மொத்த விடையையே நல் ஆக்கிவிடும். நிரப்பியவுடன் 'முடிவு தொடக்கத்துக்கு முன்' என்ற வரிகளை எண்ணுங்கள். அவற்றில் அசல் தரவிலேயே அப்படி இருந்தவற்றைத் திருத்தாமல் தனியாக எடுத்துக் கொடுங்கள்.

மருத்துவ ஆய்வுத் தரவுக்கான ஏடாம் தரநிலையில் இதற்கென்று ஃபிளாக் உண்டு: நாள் மட்டும் நிரப்பியது என்றால் 'டி', மாதமும் சேர்ந்தால் 'எம்', ஆண்டும் சேர்ந்தால் 'ஒய்'. மருத்துவம் அல்லாத தரவிலும் இந்த மூன்றைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், மிக வசதி.

மருத்துவ ஆய்வு என்றால், விதியை நீங்கள் தீர்மானிக்கவே கூடாது. அது புள்ளியியல் பகுப்பாய்வுத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லை என்றால் கோடை நிறுத்திவிட்டுப் புள்ளியியலாளரிடம் போங்கள்.

## அறிகுறி 7: தேதி காலியாக இல்லை, அந்த நாளுக்கான வரியே இல்லை

முழு நாட்காட்டி ஒன்றை உருவாக்கி, அதை இடப்பக்கம் வைத்துத் தரவை ஜாயின் செய்ய வேண்டும். பாண்டாஸில் 'டேட் ரேஞ்ச்', 'ரீஇன்டெக்ஸ்'. ஆரில் டைடிஆர் தொகுப்பின் 'கம்ப்ளீட்'. போஸ்ட்கிரெஸில் 'ஜெனரேட் சீரீஸ்'.

ஜாயின் செய்தும் நாட்கள் காணாமல் போனால், வலப்பக்க டேபிளின் மீது 'வேர்' (ஜாயின் முடிந்த பின் வடிகட்டும்) நிபந்தனை போட்டிருப்பீர்கள். அது காலி வரிகளை வெளியேற்றிவிடும். அந்த நிபந்தனையை ஜாயினின் 'ஆன்' பகுதிக்கு நகர்த்துங்கள்.

ரீஇன்டெக்ஸ் செய்யும்போது நகல் இருக்கிறது என்று பிழை வந்தால் ஒரே நாளுக்கு இரண்டு வரி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நீக்காதீர்கள். கூட்டுவதா, கடைசியானதை எடுப்பதா என்று முடிவு செய்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு நபர் மார்ச்சில் சேர்ந்திருக்க ஜனவரியிலிருந்து வரிகள் வந்தால், எல்லோருக்கும் ஒரே நாட்காட்டி கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு குரூப்புக்கும் அதன் சொந்த முதல் நாள், கடைசி நாள் வேண்டும். புதிதாக வந்த வரிகளில் மற்ற நெடுவரிசைகளை எப்படி நிரப்புவது என்பதிலும் ஒரே விதி போடாதீர்கள்: விற்பனை இல்லாத நாளுக்கு 0 சரி, வெப்பமானி வேலை செய்யாத நாளுக்கு 0 பொய்.

## அறிகுறி 8: ஒரு நாள் முன்னோ பின்னோ இருக்கிறது

நள்ளிரவு நேரம் சேர்ந்த தேதி, நேர மண்டலம் மாறும்போது முந்தைய நாளுக்கு நழுவுகிறது. முதலில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, அப்புறம் நேரப் பகுதியை வெட்டுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. எந்த மண்டலத்தில் பதிவானது என்றே தெரியாவிட்டால் டேட்டாபேஸ் நிர்வாகியைக் கேட்பது தவிர வேறு வழி இல்லை.

## வேறொருவரிடம் கொண்டுபோகும்போது

மேலே சொன்ன இடங்களில் நிறுத்திவிட்டுக் கேட்கப் போகிறீர்கள் என்றால், கோடை அனுப்பாதீர்கள். தரவின் பொறுப்பாளருக்கோ புள்ளியியலாளருக்கோ அது உதவாது. பிரச்சினை தெரியும் சில வரிகளை அசல் தேதி, நிரப்பிய தேதி, ஃபிளாக் மூன்றோடும் எடுங்கள். விதியைச் சாதாரணத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். அந்த விதி எத்தனை வரிகளைத் தொடுகிறது என்று சொல்லுங்கள். பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி: "விலகிய தேதி காலி, நிலை 'ரத்து' என்று இருந்தால், ரத்தான தேதியை விலகிய தேதியாக எடுத்துக்கொள்ளலாமா?" பதில் வந்ததும், சொன்னவர் யார், என்றைக்கு என்பதை அந்த விதிக்கு மேலேயே கோடில் குறிப்பாக எழுதிவையுங்கள்.